வணங்கி எழும் உடம்பு

சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலைக் குன்றில், சமணத் துறவிகள் படுத்துறங்கப் பாறையிலேயே செதுக்கிய படுக்கை இருக்கிறது. செய்துகொடுத்தவன் பெயர் வெண்காசிபன் என்று தமிழி எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமை. அந்தக் குன்றுக்குச் சற்றுத் தள்ளித்தான் சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடிய இடம் அது. நெல்லில் எத்தனை வகை, மாட்டில் எத்தனை வகை, மீனில் எத்தனை வகை என்று அடுக்கிக்கொண்டே போகும் நூல். காரும் பிசானமும் விளைந்த வயலும், பாயும் தலையணையும் வேண்டாமென்றவர்களின் கல்படுக்கையும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன. உடம்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இந்த ஆற்றங்கரை வெகுகாலமாகவே இரண்டு பதில்களை வைத்துக்கொண்டிருக்கிறது. இன்று எடையைக் குறைக்க முனைபவர் பெரும்பாலும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கைக்கொள்கிறார். பதினோரு மாதம் பள்ளு, ஒரு மாதம் கல்படுக்கை. கல்யாண வீட்டுச் சொதியும் அல்வாவும் ஓய்ந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டதென்று சந்தோஷப்படுகிறார். உடம்பைக் குறைப்பதும் ஒரு விரதம்தான் என்றால், அதில் எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது? கொழுப்பை மெல்ல மெல்லக் கரைத்து, தசையையும் பலத்தையும் விட்டுவிடாமல் காப்பது வெறும் மருத்துவ யோசனை என்று நான் நினைக்கவில்லை. நம் சமயங்கள் உடம்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக எடுத்துக்கொண்டால் வந்துசேரும் இடமே அதுதான் என்பது என் வாதம்.

முதலில் உடம்பின் கணக்கு. தராசு மொத்தத்தைத்தான் காட்டும். போனது எது என்று சொல்லாது. சாப்பாட்டைத் திடீரென்று பாதிக்கும் கீழே இறக்கினால், முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பங்கு நீரும், ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தும்தான். அதன்பிறகு கொழுப்பும் கரைகிறது, கூடவே தசையும் கரைகிறது. தசைக்கு வேலை இல்லை, உணவில் புரதமும் போதவில்லை என்றால் அதன் பங்கு இன்னும் கூடும். சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரையை ரத்தத்திலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய பத்தாயம் தசைதான். அது சுருங்கினால், எடை இறங்கியும் சர்க்கரை இறங்காமல் நிற்கக்கூடும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது கொழுப்பு தானாகவே வந்துவிடும். தசை உழைப்பு இல்லாமல் வராது. ஆக, இரண்டு மூன்று முறை பட்டினி கிடந்து மீண்டவர், அதே எடையில் முன்னைவிடக் கொழுப்புக் கூடிய, பலம் குறைந்த உடம்போடு நிற்க நேரலாம். நம் நாட்டவருக்கு இது கூடுதல் சிக்கல். 2004இல் லான்செட் இதழில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வேட்டி கட்டும் இடத்தில் மட்டும் வயிறு முன்தள்ளிய உருவத்தை நெல்லைச் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றால் எத்தனையோ பேரிடம் பார்க்கலாம். அவர்களைப் பார்த்து எடையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வது பாதி யோசனை. தராசைவிட, இடுப்பைச் சுற்றிப் போடும் தையல்காரர் நாடாவே அவர்களுக்கு உண்மையைச் சொல்லும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நம்மவர்க்கு மருத்துவர்கள் வைக்கும் எல்லை.

உடம்பு என்பதற்கு ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் இலக்கணம் தருகிறார். ஓர் உயிர் எந்தப் பொருளைத் தன் காரியத்துக்காக எப்போதும் தாங்கவும் ஏவவும் வல்லதோ, எந்தப் பொருள் அந்த உயிருக்கு உரியதாக இருப்பதையே தன் இயல்பாகக் கொண்டதோ, அதுவே அந்த உயிருக்கு உடம்பு. உலகம் முழுவதும் இறைவனுக்கு உடம்பு என்று நிறுவுவதற்காக அவர் சொன்னது இது. ஆனால் இலக்கணம் பொதுவானது. நம் கைகாலுக்கும் பொருந்தும். தாங்குதல், ஏவுதல், பயன்படுதல் மூன்றையும் வைத்துப் பார்த்தால் எடைக் குறைப்பில் எது சரி என்பது தெளிவாகிவிடுகிறது. ஏவினால் நடக்க முடியாமல் நான்கு படிக்கு மூச்சு வாங்கவைக்கும் கொழுப்பு, உயிரின் ஏவலுக்குக் குறுக்கே நிற்கிறது. அதைக் குறைப்பது நியாயம். ஏவினால் எழுந்து நிற்பதற்கு உதவும் தசையைக் கரைத்துவிடுவது, ஏவலைக் கேட்கும் வேலைக்காரனை வீட்டைவிட்டுத் துரத்துவது. இந்த இலக்கணத்தை நெல்லைச் சீமையில் பேசுவது பொருத்தம்தான். ஆழ்வார்திருநகரியில் பவிஷ்யதாசாரியர் என்ற பெயரில் ராமானுஜருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. அதே ஊர்ப் புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டு ஊணும் உறக்கமும் இல்லாமல் இருந்தார் என்றுதானே மரபு சொல்கிறது என்று கேட்கலாம். அது அவர் ஒருவரின் தனிப்பெருமையாகச் சொல்லப்படுவது. அடியாருக்கு விதித்த விதி அன்று. அந்த மரபே திருவாய்மொழியின் பத்தாம் பத்துக்கு உரை சொல்லும்போது, இறைவன் ஆழ்வாருடைய உடம்பின்மேல் ஆசைகொண்டு அதைவிட மனமில்லாமல் இருந்தான் என்று விரிக்கிறது. உடம்பை வேண்டாப் பொருளாக மட்டும் நினைத்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

வழிபாடே இதற்குச் சாட்சி. நெல்லையப்பர் கோயில் கொடிமரத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவதற்குப் பெரிய பலம் வேண்டாம். எழுவதற்குத் தொடையும் இடுப்பும் வேண்டும். மேலப்பாளையத்துப் பள்ளிவாசலில் ஒருவர் கடமையான ஐந்து நேரத் தொழுகையை முழுமையாகத் தொழுதால், ஒரு நாளில் பதினேழு ரக்அத், முப்பத்துநான்கு சஜ்தா. ஒவ்வொரு சஜ்தாவிலும் நெற்றி தரையைத் தொட்டு நிமிர வேண்டும். பாளையங்கோட்டை தேவாலயங்களில் முழங்காலில் நின்று ஜெபிப்பவருக்கும் அதே தொடைகள்தான் துணை. மூன்று இடத்திலும் இன்று நாற்காலிகள் வந்துவிட்டன. இயலாதவர் உட்கார்ந்தே வணங்கலாம் என்று சமயங்கள் தரும் சலுகை கருணையானது. மூட்டுத் தேய்ந்த ஒருவரை நாற்காலியைக் காட்டிக் குறைசொல்வது பாவம். ஆனால் ஐம்பது வயதில், மேலே கொழுப்பின் பாரம் ஏறி, கீழே தாங்கும் தசை இளைத்து, தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் ஒருவர் அந்த நாற்காலிக்குப் போகிறாரென்றால் அது வருந்தவேண்டிய இழப்பு. அதைப் பட்டினியால் விரைவுபடுத்துவது இன்னும் பெரிய இழப்பு.

பட்டினி மனத்தை இறைவன் பக்கம் திருப்பும் என்ற நம்பிக்கை எல்லாச் சமயத்திலும் உண்டு. ஒரு நாள், ஆறு நாள் நோன்புக்கு அது உண்மையாகவே இருக்கலாம். மாதக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய ஆதாரம் இருக்கிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் கொல்ல மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். குவேக்கர், மென்னொனைட் போன்ற அமைதிச் சபைகளைச் சேர்ந்தோர் பலர். போரில் பட்டினி கிடந்த மக்களை மீட்டெடுப்பது எப்படி என்று உலகம் கற்கட்டும் என்று தாங்களாகவே பட்டினியை ஏற்றவர்கள். 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்து, வாரம் 22 மைல் நடக்கவைத்தார்கள். உடல் எடையில் கால்பங்கு போயிற்று. பலம் வெகுவாக இறங்கிற்று, நாடி மெலிந்தது, எப்போதும் குளிரெடுத்தது. அவர்கள் மனத்துக்கு நேர்ந்ததுதான் நமக்கு முக்கியம். படிப்பிலும் பேச்சிலும் நாட்டம் போய், உணவு ஒன்றே நினைவாயிற்று. சமையல் புத்தகங்களை ஆசையாசையாகப் படித்தார்கள்; தட்டை நக்கினார்கள்; மனம் சோர்ந்து எரிச்சல்பட்டார்கள். பிறருக்காகப் பசித்திருக்க முன்வந்த உயர்ந்த மனங்கள் அவை. நீண்ட பசி அந்த மனங்களையும் சாப்பாட்டோடு கட்டிப்போட்டது. இன்று வேகமாக இளைக்கச் சொல்லும் உணவுமுறைகள் பல அந்த 1,570 கலோரியைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மிதமிஞ்சி உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொன்னதும், கடுந்தவத்தில் எலும்பாகிப்போன கௌதமர் சுஜாதை தந்த பாற்சோற்றை ஏற்றதும் இதே அறிவிலிருந்து வந்தவை என்றே நம்புகிறேன்.

மெல்லக் குறைப்பதால் பலம் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. நார்வேயில் 24 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம், மறுபகுதியினர் 1.4 சதவீதம் குறைத்தார்கள். இரு பகுதியினருக்கும் வாரம் நான்கு நாள் பளுப்பயிற்சி. மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு போனதோடு, கொழுப்பில்லாத உடற்பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் கூடியிருந்தது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கூடவில்லை. அவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள், நம் கடைத்தெரு வியாபாரிக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. 70 கிலோ உள்ளவருக்கு வாரம் அரை கிலோ. அதற்கு நாள் சாப்பாட்டில் சுமார் 500 கலோரி குறைந்தால் போதும். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கை முறுக்கு, மூன்றாம் முறை வாங்கும் சோறு என்று தேடினால் அது கிடைத்துவிடும். புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை இருக்க வேண்டும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது. தூக்கத்தையும் விடக்கூடாது. 2010இல் வந்த ஒரு சிறு ஆய்வில், ஒரே சாப்பாட்டில் இருந்தவர்களுக்குப் படுக்கை நேரத்தை எட்டரை மணியிலிருந்து ஐந்தரை மணியாகக் குறைத்தபோது, எடை ஒரே மாதிரிதான் இறங்கியது. ஆனால் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய், தசைப்பகுதியின் இழப்பு கூடியது. விடியும்வரை கண்விழித்து விரதமிருப்பவர் அதை இளைக்கும் வழியாக எண்ணவேண்டாம்.

இந்தச் சீமையில் விரதம் அதிகம் இருப்பவர்கள் பெண்கள். செவ்வாய், வெள்ளி ஒருபொழுது, சஷ்டி, பௌர்ணமி, ஆடியில் வேறு தனியாக. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சமிருக்கும் சோறும் ரசமும் அவர்கள் பங்கு; குழம்பில் கிடந்த மீன்துண்டோ முட்டையோ அதற்குள் தீர்ந்திருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பும் தசையும் தாமாகவே குறையத் தொடங்கும்போது, பசியால் அதை இன்னும் கரைக்கிறார்கள். இடுப்புக் கொழுப்போ போனபாடில்லை. இத்தனைக்கும் பெண்ணுடம்பின் பலத்தை இந்த ஊர்கள் அறியாதவை அல்ல. பெண் பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியை நாள்தோறும் உருட்டிக் கொடுத்து, இடுப்பெலும்புக்குப் பலம் என்று சொல்லிச் சாப்பிடவைப்பார்கள். நூறு கிராம் உளுந்தில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அரிசியோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பதின்மூன்று வயதில் அவ்வளவு அக்கறையாக ஊட்டிய வீடு, ஐம்பத்துமூன்று வயதில் அதே பெண்ணின் இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை. கருப்பட்டியையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், முட்டை, நெத்திலி, சுண்டல் என்று அந்த அக்கறையைத் தொடர்ந்தாலே விரதமும் பலமும் ஒன்றாக நிற்க வழியுண்டு.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது மறுகால்தலைக் கல்படுக்கையிலிருந்து வருவது. உடம்பே வினையின் கட்டு. அதை ஒடுக்குவதுதான் விடுதலை. பலத்தைக் காப்பாற்று என்பது கட்டை இன்னும் இறுக்குவது ஆகாதா? கழுகுமலைப் பாறையில் கொடி படர்ந்த உடம்போடு நிற்கும் பாகுபலியைப் பார்த்தவர் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சமணமே என்ன வரையறை வைத்தது என்றும் பார்க்க வேண்டும். இல்லறத்தாருக்காக சமந்தபத்திரர் எழுதிய ரத்தினகரண்டக சிராவகாசாரம், உடம்பை ஒடுக்கி உயிர்விடும் சல்லேகனையைத் தீராத ஆபத்து, பஞ்சம், முதுமை, மருந்தில்லா நோய் ஆகியவற்றுக்கே சொல்கிறது. அப்போதும் உறவையும் பகையையும் தீர்த்து, மன்னிப்புக் கேட்டு, முதலில் திட உணவு, பிறகு பால் மோர், பிறகு வெந்நீர் என்று படிப்படியாக. உலகத்திலேயே கடுமையான துறவு நெறிகூட, கடன் தீர்ந்த கடைசிக் காலத்துக்கென்று அதை ஒதுக்கிவைத்து, அங்கும் அவசரத்தை விலக்கியிருக்கிறது. வயல் நடவும், படிக்கும் பிள்ளையும், படுத்திருக்கும் மாமியாரும் உள்ள நாற்பது வயதுக்காரர் அந்தக் காலத்துக்கு இன்னும் வரவில்லை. அவருடைய பலம் அவர் ஒருவருடைய சொத்தாகவும் இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் கை, அந்த வீட்டுக்கே சொந்தம்.

இதெல்லாம் தேகாபிமானம், கண்ணாடிமுன் நிற்கும் ஆசைக்குப் பக்திப் பூச்சு என்று இன்னொரு மறுப்பு. அந்த ஆசை உண்டு, அது ஆளை ஆட்டிவைப்பதும் உண்டு. மேடைக்காகத் தண்ணீரையும் உப்பையும் விலக்கி நரம்பை எடுத்துக்காட்டும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பலம் என்றாலே அகங்காரம் என்று முடிவுகட்டுவது சரியில்லை. பணகுடி பக்கத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்குகிறார்கள். 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கற்கள் உண்டு. வழுவழுப்பான உருண்டைக் கல், பிடிக்க ஒரு முனை கிடையாது. குந்தி அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, மடியில் நிறுத்தி மூச்சுவாங்கி, நெஞ்சோடு சேர்த்துத் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். பெண்கள் உரல் தூக்குகிறார்கள். சின்னக் கல்லில் தொடங்காமல் பெரிய கல்லுக்குப் போகமுடியாது. அந்தப் பயிற்சி கற்பிக்கும் பொறுமையில் அடக்கமும் சேர்ந்தே வருகிறது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ என்று சொல்லிக்காட்டும் பட்டினியில் அது இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் திருச்செந்தூர் சஷ்டி விரதத்தையும் ரமலான் நோன்பையும் தவசுகாலத்தையும் விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்டால், இல்லை. ஐப்பசியில் ஆறு நாள் பாலும் பழமுமாகவோ, மிளகும் நீருமாகவோ கோயில் வளாகத்தில் கிடப்பவர் முருகனுக்காகக் கிடக்கிறார். ஆறு நாளில் நல்ல உடம்புக்குப் பெரிய கேடு வராது. லங்கணம் பரம ஔஷதம் என்பதும் இப்படிப்பட்ட சிறு இடைவெளிக்குச் சொன்னது. அந்த விரதத்தின்மேல் இடுப்புச் சதையைக் குறைக்கும் வேலையையும் ஏற்றிவைப்பதுதான் தவறு. சாமிக்கு நேர்ந்ததைச் சாமிக்கே விட்டுவிட்டு, கொழுப்புக்கான வேலையை மற்ற நாட்களில் செய்ய வேண்டும்.

வசதி உள்ளவர் கவலை இது என்று கடைசியாக ஒரு மறுப்பு வரலாம். நடவும் களையெடுப்பும் கூலியாக இருந்த காலத்தில் அது சரி. இன்று முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை பீடி சுற்றும் பெண்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், உட்கார்ந்தே இடுப்பு கனத்துத் தொடை மெலிகிறார்கள். ஜிம்முக்குப் போக அவர்களிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. நூறு பீடிக்கு ஒருமுறை தட்டை இறக்கிவைத்து, கையூன்றாமல் பத்து முறை தரையிலிருந்து எழுந்து உட்கார முடியும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதோடு நிறுத்தாமல் தோள்வரை சில முறை தூக்கி இறக்க முடியும். வயது போய்விட்டது என்பதும் தடையில்லை. 1990இல் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பளுப்பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

ஐப்பசி சஷ்டி முடிந்த வாரம் தொடங்கினால், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது ஏறக்குறைய இருபது வாரம் ஆகியிருக்கும். வாரம் அரை கிலோ என்று வைத்து, திருக்கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான்கு வாரம் கழித்துவிட்டாலும் எட்டு கிலோ குறைகிறது. அந்த நான்கு வாரமும் மனதாரச் சாப்பிடலாம். அடுத்த நாளே பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டியதில்லை.